கதவு எந்தப் பக்கம்?

திரை விலகுகிறது. நடுவில் சோபா. பக்கத்தில் டீப்பாய், அதன்மேல் ஒரு போன். சுவரில் காலண்டர். இடது பக்கம் வாசல் கதவு, வலது பக்கம் சமையலறை. பின்னால், எங்கேயும் போய்ச் சேராத ஒரு மாடிப்படி!

சென்னை சபா நாடகங்கள் பார்த்தவர்களுக்கு இந்த வீடு அத்துப்படி. 'எல்லா நாடகத்துக்கும் ஒரே ஹால்தானா?' என்று நானும் கிண்டலடித்தவன்தான். ஓர் அலுவலக நாடகக் குழுவில் செட் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

சாயங்காலம் நாடகம் என்றால் மதியம்தான் மேடை கைக்குக் கிடைக்கும். அதற்குள் வேனில் தட்டிகள் வந்து இறங்க வேண்டும். மரச்சட்டத்தில் துணி அடித்துப் பெயின்ட் பூசியதுதான் தட்டி. பின்னால் முட்டுக் கொடுத்து நிறுத்தினால் சுவர். இரவே பிரித்து ஏற்றிவிட வேண்டும். செட் வாடகை, வேன் வாடகை, ஆள்கூலி எல்லாம் போக மிஞ்சுவது காபிச் செலவுக்குக் காணாது. இதில் காட்சிக்குக் காட்சி வீடு மாற்ற முடியுமா?

அதனால் கதையே ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாமனார், கடன்காரர், எதிர்வீட்டு மாமி என்று யார் வேண்டுமானாலும் உரிமையோடு நுழையக்கூடிய இடம் அதுதானே! வீட்டைவிட்டு ஓடிப்போகிற பெண் ஓடுவதை நாம் பார்ப்பதே இல்லை. அவள் எழுதிவைத்த கடிதத்தைத்தான் பார்க்கிறோம். இன்னொன்று, மேலேயிருந்து தொங்கும் மைக்குகள். சண்டை போடும் புருஷனும் பெண்டாட்டியும் ஏன் நம்மைப் பார்த்து வரிசையாக நின்று கத்துகிறார்கள் என்றால், நகர்ந்தால் குரல் கேட்காது!

பணமும் ஆளும் இருந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். ஆர்.எஸ்.மனோகரின் 'இலங்கேஸ்வரன்' போன்ற நாடகங்களுக்கு ஜனங்கள் திரண்டதற்கு அந்தப் பிரமாண்ட செட்டுகளும் தந்திரக் காட்சிகளும் ஒரு காரணம். தெருக்கூத்து நேரெதிர். இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரை, ஒரு பெஞ்சு போதும். அர்ச்சுனன் தபசில், நட்டுவைத்த ஒரே ஒரு மரம்தான் தவம் செய்யும் இடம். அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே ஊரே அண்ணாந்து பார்க்கும். எந்தத் தட்டியாலும் அந்த உயரத்தைக் காட்ட முடியாது.

எங்களுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. இருந்தது ஒரு ஹால், இரண்டு கதவு.

வெளியூரில் ஒரு காட்சி. வாங்கிய அட்வான்ஸ் வேனுக்கும் செட்டுக்குமே சரியாகிவிட்டது. மாலை நான்கு மணிக்கு மேடையைப் பார்த்த டைரக்டர் தலையில் கைவைத்தார். வலது பக்கம் மொட்டைச் சுவர். பின்படுதாவும் சுவரோடு ஒட்டிக்கிடந்தது. எங்கள் கதையில், வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர் வீட்டுக்காரரைக் கண்டதும் சமையலறைக்குள் ஒளிவார். பிறகு, பின்னால் சுற்றிவந்து வாசல் வழியாக ஒன்றும் தெரியாதவர்போல நுழைவார். இங்கே சுற்றிவர வழியே இல்லை! உள்ளே போனால் நாடகம் முடியும்வரை தட்டிக்குப் பின்னால் குந்தியிருக்க வேண்டியதுதான்.

டைரக்டர் மேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "சார், நீங்க சோபாவுக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கங்க" என்றார்.

நடிகர் ஐம்பதைத் தாண்டியவர். முட்டிவலி வேறு. "தவழணுமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று வீட்டுக்காரர் அதே சோபாவில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். பின்னால் ஒரு வழுக்கைத்தலை மெல்ல எழுந்து, பார்த்து, அமுங்கியது. முன்வரிசைக் குழந்தைகள் "அங்கிள், பின்னாடி!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவர் தவழ்ந்து வாசலுக்குப் போய், எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு கதவைத் தட்டியபோது எழுந்த சிரிப்பில் அடுத்த இரண்டு வசனம் யாருக்கும் கேட்கவில்லை. இத்தனை நாளும் இந்தக் காட்சியில், உள்ளே பாத்திரம் உருளும் சத்தத்துக்குத்தான் சிரித்தார்கள். ஓடுகிற ஆளை அவர்கள் பார்த்ததே இல்லை!

சென்னை திரும்பிய பிறகும் அவர் தவழ்ந்தார், முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு. சமையலறைத் தட்டியை நாங்கள் அப்புறம் வேனில் ஏற்றவேயில்லை. வேன்காரர் மட்டும் வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.