பி.எட். முடித்தால் தொடக்கப் பள்ளிக்கு வரலாமா?

பாபநாசம் பகுதியில் கல்லூரிப் படிப்பை முடித்த பழைய மாணவர்கள் பள்ளிக்கு வந்தால் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "சார், பி.எட். முடிச்சா நம்ம ஊர் தொடக்கப் பள்ளியிலேயே வேலைக்கு வரலாமா?" நடவுக்கும் களைக்கும் போகும் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டும் கட்டணம் அது. சரியான விடை நம்மிடம் இருக்க வேண்டும்.

வரலாம் என்று 2018 ஜூன் 28 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. பணியில் சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி போதும் என்றது. அது செல்லாது என 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1 முதல் 5 வரை கற்பிக்க, அதற்கென்றே அமைந்த தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சிதான் தகுதி.

"பி.எட். அதைவிடப் பெரிய படிப்பாச்சே!" என்பார்கள். நானும் பி.எட். படித்தவன்தான். முதல் வகுப்பை ஒரு பிற்பகல் பார்த்துக்கொள்ளச் சொன்னால், எழுத்துக் கூட்டும் குழந்தைக்குக் கற்பிப்பது தனிக் கலை என்பது எவருக்கும் விளங்கிவிடும்.

ஆகவே பட்டயம் முடித்தவர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுதி இடைநிலை ஆசிரியர் ஆகலாம், பட்டமும் பி.எட்.டும் பெற்றவர் இரண்டாம் தாளை எழுதிப் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். ஒவ்வொரு தாளுக்கும் 150 மதிப்பெண். தேர்ச்சிச் சான்று 2021 முதல் ஆயுள் முழுதும் செல்லும். பணியில் இருந்தபடியே பட்டம் பெறும் இடைநிலை ஆசிரியருக்கும் 2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பின், பட்டம் மட்டுமே பதவி உயர்வு தராது. தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் வேண்டும்.

கல்லூரியில் எடுக்கும் பாடத்திலும் கவனம் தேவை. புதுப் பெயர் கொண்ட பட்டம் என்றால், அதற்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்று சேரும்முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.