அரசியின் ஊசிப் பதக்கங்கள்

மக்கள் அணியும் அணிகலன்களுள் பல அழகு ஒன்றையே கருதித் தோன்றியவை. ஊசிப் பதக்கமோ பயன் கருதித் தோன்றியது. பொத்தான்கள் பரவாத பண்டைக் காலத்தில், ஐரோப்பிய மக்கள் குளிருக்காகப் போர்த்திய மேலாடை நழுவாதவாறு அதனைத் தோளருகே ஓர் ஊசியால் குத்தி நிறுத்தினர். நாளடைவில் அவ்வூசியின் முகப்பு வேலைப்பாடு மிக்கதாயிற்று. செல்வர்கள் அதனைப் பொன்னாலும் மணியாலும் அழகு செய்தனர். ஆடையைத் தாங்க வந்த ஊசி பின்னே மறைந்தது. அதன் முகப்பே அணிகலனாய் நின்றது. இதனை ஆங்கிலத்தில் புரூச் என்பர். சேலைத் தலைப்பு நழுவாதிருக்க நம் நாட்டுப் பெண்கள் தோளில் குத்திக்கொள்ளும் புரூச்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

1952 முதல் 2022 வரை பிரிட்டனின் அரசியாக விளங்கிய இரண்டாம் எலிசபெத்து, பொது நிகழ்ச்சிகளுக்குச் செல்லும்பொழுது இடத் தோளின் அருகே ஊசிப் பதக்கம் ஒன்றை அணிந்து செல்லும் வழக்கம் உடையவர். அவற்றுட் சில முன்னோரிடமிருந்து வந்தவை; சில பிற நாட்டார் அளித்த பரிசுகள். அவர் அணிந்தது எந்தப் பதக்கம் என்று ஒளிப்படங்களைக் கொண்டே கண்டறிந்து மகிழ்வோர் உலகெங்கும் உள்ளனர். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடல் ஆகாது. இதற்குக் கூர்த்த பார்வை வேண்டும், பொறுமை வேண்டும், வரலாற்று அறிவும் வேண்டும்.

பதக்கம் ஒன்றைக் காணும்பொழுது கண்ணை முதலில் கவர்வது கல்லின் நிறம். ஆயினும், நிறம் ஒன்றை மட்டும் நம்புதல் தவறு. ஒரே நிறமுடைய கற்கள் பல பதக்கங்களில் இருத்தல் கூடும். ஆதலின் கல்லின் வடிவத்தை நோக்குதல் வேண்டும். அது வட்டமா, நீள்சதுரமா, முட்டை வடிவமா? பட்டை தீட்டப்பெற்றதா, வழுவழுப்பாகக் குவிந்து நிற்பதா? அடுத்து, நடுக்கல்லைச் சூழ்ந்துள்ள கற்கள் எத்தனை வரிசையில் அமைந்துள்ளன, கீழே தொங்கல் உண்டா என்பனவற்றைக் காணல் வேண்டும். இவ்வாறு படிப்படியாக நோக்கினால் ஐயம் நீங்கும்.

இதற்கு நீலக்கல் பதித்த இரண்டு பதக்கங்கள் நல்ல சான்றாகும். ஒன்று, ஆல்பர்ட் இளவரசர் விக்டோரியா அரசியாருக்கு அளித்தது. 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவர்களுடைய திருமணம் நடைபெற்றது. அதற்கு முந்திய நாள் ஆல்பர்ட் அப்பதக்கத்தை மணமகளுக்குப் பரிசாகத் தந்தார். நீண்ட வடிவுடைய பெரிய நீலக்கல் நடுவே விளங்க, அதனைச் சுற்றிப் பன்னிரண்டு வட்ட வைரங்கள் ஒரே வரிசையாகப் பதிக்கப்பெற்றுள்ளன. மணநாளில் விக்டோரியா அதனை அணிந்துகொண்டார். 1861ஆம் ஆண்டில் ஆல்பர்ட் மறைந்தார். அதன் பின்னர் நாற்பதாண்டுக் காலம் விக்டோரியா துயர்க்கோலத்திலேயே வாழ்ந்தார். அப்பதக்கம் பிற்கால அரசியர்க்கும் பயன்படுமாறு முடியுரிமைப் பொருளாக வைக்கப்பெற்றது.

மற்றொன்று, உருசியப் பேரரசியாக விளங்கிய மரியா என்பாருக்கு உரியதாய் இருந்தது. டென்மார்க்கு நாட்டில் பிறந்த அவருக்கு 1866ஆம் ஆண்டில் உருசிய இளவரசருடன் திருமணம் நடந்தபொழுது, அவருடைய தமக்கையாரும் வேல்சு இளவரசியுமான அலெக்சாண்டிரா தம் கணவருடன் சேர்ந்து அப்பதக்கத்தை அளித்தார். உருசியாவில் 1917ஆம் ஆண்டில் புரட்சி எழுந்தது. அரச குடும்பம் நிலைகுலைந்தது. மரியா நாட்டை விட்டு வெளியேறி, 1928ஆம் ஆண்டில் டென்மார்க்கில் உயிர் நீத்தார். பிறகு அப்பதக்கத்தைப் பிரிட்டனின் மேரி அரசியார் விலைக்கு வாங்கினார். இதன் நீலக்கல் பட்டை தீட்டப்பெறாமல் குவிந்து நிற்பது. இதன் கீழே முத்து ஒன்று தொங்குகின்றது. தொலைவில் நின்று காண்பார்க்கு இரண்டும் நீலமே. அணுகிக் காண்பார்க்கோ, ஒன்று இல்லறத்தின் தொடக்கத்தையும், மற்றொன்று ஒரு பேரரசின் முடிவையும் கூறும்.

மலர் வடிவில் அமைந்த பதக்கங்களும் எலிசபெத்து அரசியாரிடம் இருந்தன. அவற்றுள் ஒன்றை நிறத்தால் உடனே அறிந்துகொள்ளலாம். கனடா நாட்டு நிலநூல் அறிஞரான வில்லியம்சன் என்பார், இன்று தான்சானியா எனப்படும் நாட்டின் பகுதியான தங்கனீக்காவில் வைரச் சுரங்கம் ஒன்றைக் கண்டு நடத்திவந்தார். 1947ஆம் ஆண்டில் அங்கு 54.5 காரட் எடையுள்ள இளஞ்சிவப்பு வைரம் கிடைத்தது. அவ்வாண்டில் மணம் புரிந்த எலிசபெத்துக்கு அவர் அதனைத் திருமணப் பரிசாக அளித்தார். பட்டை தீட்டியபின் அதன் எடை 23.6 காரட் ஆயிற்று. 1953ஆம் ஆண்டில் அதனை நடுவில் வைத்து, வெள்ளை வைரங்களால் இதழ்களும் தண்டும் இலைகளும் அமைத்து, ஒரு மலராக்கினர். வெண்ணிற இதழ்களின் நடுவே இளஞ்சிவப்பு ஒளி தோன்றுமாயின், அது வில்லியம்சன் பதக்கம் என்று துணியலாம்.

மற்றொரு மலரில் நிறம் துணை செய்யாது. அது முழுவதும் வெள்ளை வைரங்களால் ஆனது. அதனை வடிவத்தால்தான் அறிதல் வேண்டும். அதன் இதழ்கள் நெளிந்து, மேல்நோக்கி வளைந்து, தீக்கொழுந்து போல் நிற்கும். தமிழ்நாட்டு மாணவர்க்கு இம்மலர் புதியதன்று. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளே அது. நம் காடுகளிலும் வேலிகளிலும் படரும் இக்கொடி, ஆப்பிரிக்க மண்ணிலும் இயல்பாக வளர்கின்றது. ஆப்பிரிக்காவில் தென் ரொடீசியா எனப்பட்ட நாடு, 1980ஆம் ஆண்டில் சிம்பாப்வே என்னும் பெயருடன் விடுதலை பெற்றது. அதன் தேசிய மலரும் காந்தளே.

எலிசபெத்து 1947ஆம் ஆண்டில் இருபத்தோராம் அகவை எய்தினார். அப்பொழுது தென் ரொடீசியாவின் பள்ளிச் சிறுவர் சிறுமியர் தத்தம் கைக்காசைச் சேர்த்துக் காந்தள் வடிவப் பதக்கத்தை அவருக்குப் பரிசளித்தனர். 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், எலிசபெத்து கென்யாவில் இருந்தபொழுது, அவருடைய தந்தையார் ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். மகளாகப் புறப்பட்டுச் சென்றவர் மறுநாள் அரசியாக இலண்டனுக்குத் திரும்பினார். வானூர்தியிலிருந்து இறங்கியபொழுது அவருடைய கரிய துயருடையில் ஒளிர்ந்தது அந்தக் காந்தட் பதக்கமே. சிறுவர்கள் மகிழ்ச்சிக்கெனத் தந்த பரிசு, துயர நாளிலும் உடன் நின்றது.

எலிசபெத்து அரசியார் அணிந்த ஊசிப் பதக்கங்களுள் மிகுந்த புகழுடையது கல்லினன் பதக்கம். நிறமற்ற இரண்டு பெரிய வைரங்களே அதன் அடையாளம். மேலே சதுரமாக ஒன்று. அதன்கீழ்ப் பேரிக்காய் வடிவில் மற்றொன்று. மேற்கல் 63.6 காரட்; கீழ்க்கல் 94.4 காரட். ஒரு காரட் என்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. இத்துணைப் பெரிய வைரங்களை அரச குடும்பத்தார் ‘பாட்டியின் சில்லுகள்’ என்று விளையாட்டாக அழைத்தனர். இவை மேரி அரசியாரிடமிருந்து பெயர்த்தியாகிய எலிசபெத்துக்கு வந்தமையால் ‘பாட்டி’ என்னும் சொல் பொருந்தும். ‘சில்லு’ என்னும் சொல் பொருந்துமா? இவை பிறந்த மூலக்கல்லை நோக்கினால் அதுவும் பொருந்தும்.

1905ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தென்னாப்பிரிக்காவின் திரான்சுவால் பகுதியில் உள்ள சுரங்கத்தில் அம்மூலக்கல் கிடைத்தது. அதன் எடை 3,106 காரட். அஃதாவது அறுநூறு கிராமுக்கும் மேல். சுரங்கத்தின் தலைவர் பெயரால் அது கல்லினன் எனப்பட்டது. ஆம்சுடர்டாம் நகரில் ஆஷர் குடும்பத்தார் 1908ஆம் ஆண்டில் அதனைப் பிளந்து பட்டை தீட்டினர். ஒன்பது பெரிய கற்களும் தொண்ணூற்றாறு சிறு கற்களும் கிடைத்தன. அவற்றுள் முதற்கல் 530 காரட் அளவினது. அஃது அரசரின் செங்கோலில் உள்ளது. 317 காரட் அளவினதாகிய இரண்டாங்கல் மணிமுடியில் உள்ளது. மூன்றாங்கல்லும் நான்காங்கல்லுமே இப்பதக்கத்தில் இடம் பெற்றன.

1958ஆம் ஆண்டில் எலிசபெத்து அரசியார் நெதர்லாந்துக்குச் சென்றபொழுது, இப்பதக்கத்தை அணிந்து ஆஷர் குடும்பத்தாரின் பட்டறைக்குச் சென்றார். அங்கே அக்குடும்பத்து முதியவரான லூயி ஆஷர் இருந்தார். அரசியார் பதக்கத்தைத் தம் ஆடையிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தார். ஐம்பது ஆண்டுகட்கு முன் தம் குடும்பத்தார் தீட்டிய கற்களை மீண்டும் கண்ட அம்முதியவர் உள்ளம் நெகிழ்ந்தார். அணிந்தவரை உலகம் அறியும். ஆக்கியவரை அறிவார் சிலரே. அந்நாளில் ஆக்கியவர்க்கும் உரிய சிறப்புக் கிடைத்தது.

ஆயினும், இக்கற்களின் வரலாறு இத்துடன் நிறைவு பெறவில்லை. திரான்சுவால் பகுதி, 1899 முதல் 1902 வரை நடைபெற்ற போரின் முடிவில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1907ஆம் ஆண்டில் அதன் அரசாங்கம் 1,50,000 பவுன் கொடுத்துக் கல்லினன் வைரத்தை வாங்கி, ஏழாம் எட்வர்டு மன்னருக்குப் பரிசாக அளித்தது. அதனை அளித்த அரசாங்கத்தில், அந்நாட்டின் பெரும்பான்மையரான ஆப்பிரிக்க மக்களுக்குப் பங்கில்லை. அவர்களுக்கு வாக்குரிமையும் இல்லை. முறைப்படி அளிக்கப்பெற்ற பரிசு என்பர் ஒரு சாரார். மண்ணுக்கு உரியவரைக் கேளாமல் தந்தது பரிசு ஆகுமோ என வினவுவர் மற்றொரு சாரார். 2022ஆம் ஆண்டில் எலிசபெத்து அரசியார் மறைந்தபொழுது, கல்லினன் வைரங்களைத் தென்னாப்பிரிக்காவிற்குத் திருப்பித் தருதல் வேண்டும் என்னும் குரல் மீண்டும் எழுந்தது. 2023ஆம் ஆண்டில் நடைபெற்ற முடிசூட்டு விழாவில், ‘பாட்டியின் சில்லுகள்’ இரண்டும் கமிலா அரசியாரின் முடியில் பதிக்கப்பெற்று விளங்கின.

எனவே, ஓர் அணிகலனைப் போற்றுதல் என்பது அதன் ஒளியைக் கண்டு வியப்பதோடு முடிவதன்று. இது யாது என்று கண் ஆராய்தல் வேண்டும். இது யாருடையது, யார் ஆக்கியது, எந்த மண்ணிலிருந்து வந்தது என்று அறிவு ஆராய்தல் வேண்டும். விலையால் நோக்கினால், கல்லினன் பதக்கத்தின் முன் காந்தட் பதக்கம் சிறியதே. ஆனால், சிறுவர்கள் தம் கைக்காசைக் கொடுத்தார்கள் என்பதை அறிந்தவர்க்கு அது சிறியதாகத் தோன்றாது. பதக்கத்தின் முன்புறத்தில் மணிகள் ஒளிர்கின்றன. அதனைத் தாங்கும் ஊசியோ பின்புறத்தில் உள்ளது. இரண்டையும் திருப்பிப் பார்ப்பவரே பதக்கத்தை முழுதும் கண்டவர் ஆவர்.