புண்ணாக்குக் காசு காற்றில் போகிறது

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது எங்கள் பொத்துவில் பக்கத்தில் மாட்டுக் கொட்டில்கள் நிறைந்து விடும். குர்பானிக்கென்று இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே காளைக் கன்றுகளை வாங்கிக் கட்டிவைத்து, தீன்போட்டுக் கொழுக்கவைத்து விற்பது பலருக்கு ஒரு பக்கத் தொழிலாகி விட்டது. மாட்டை விற்று வரும் இலாபத்தை எல்லோரும் விரல்விட்டு எண்ணுகிறோம். பெருநாள் முடிந்த பின் கொட்டிலுக்குப் பின்னால் கிடக்கும் எருக் குவியலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் குவியலில் நான் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். அதனால்தான் இந்த வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை வர்த்தமானி மூலம் தடை செய்தார்கள். 2005இன் பின் ஏறத்தாழ பத்து வருடம் 50 கிலோ மூடையை மானிய விலையில் 350 ரூபாவுக்கு வாங்கிப் பழகிய விவசாயிகள் யூரியாவுக்கு எங்கே போவார்கள்? சேதனப் பசளை என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் வாங்கும் நிலை வந்தது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் கிருமி இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பி, கடைசியில் அதற்கும் டொலரில் பணம் கட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் நவம்பரில் தடையை நீக்கினார்கள். ஆனாலும் டொலர் இல்லாமல் 2022இல் யூரியா மூடை ஒன்று கறுப்புச் சந்தையில் முப்பதாயிரத்தைத் தாண்டியது.

அந்த நேரத்தில் நானும் எரு வியாபாரத்தில் இறங்கினேன். காட்டோரப் பட்டிகளில் எரு வாங்க நிறையப் பேர் போட்டி போட்டார்கள். நான் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு, மாடு கொழுக்கவைத்த ஒரு கொட்டில்காரரிடம் போனேன். பட்டி மாடு காய்ந்த புல்லைத் தின்கிறது, இந்த மாடோ தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் தின்றது, ஆகவே இதன் எருவில்தான் சத்து கூட என்று கணக்குப் போட்டேன். பட்டி எருவை விடக் கூடுதலான விலை கொடுத்து இரண்டு லொறி ஏற்றினேன். அதைக் கச்சானும் சோளனும் செய்யும் ஒருவருக்கு விற்றேன். சோளன் முழங்கால் உயரத்துக்கு வந்தபோது அவர் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிச் சென்று காட்டினார். இலைகள் அடியிலிருந்து மஞ்சள் பூத்துக் கிடந்தன.

"காக்கா, உங்கட எரு வெறும் சக்கை. பக்கத்து வளவில பட்டி எரு போட்டவன்ட சோளனைப் பாருங்க" என்றார். பார்த்தேன். அது பச்சையாக நின்றது. வாங்கிய காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

எங்கே பிழை விட்டேன் என்பதை எனக்கு விளக்கியவர் ஓய்வுபெற்ற ஒரு விவசாயப் போதனாசிரியர். கொப்பியும் பேனையும் எடுத்து அவர் போட்டுக் காட்டிய கணக்கு, நம் கடைக் கணக்கு மாதிரியே இருந்தது. வரவு, செலவு, மிச்சம்.

வரவு என்பது தீனியில் உள்ள புரதம். புரதத்தில் 16 வீதம் நைதரசன். ஆகவே புரதத்தின் நிறையை 6.25ஆல் பிரித்தால் மாட்டுக்குள் எவ்வளவு நைதரசன் போகிறது என்று தெரிந்துவிடும். 250 கிலோ நிறையுள்ள ஒரு காளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ தீன் தின்னும் என்று வையுங்கள். ஈரம் நீக்கிய நிறையைச் சொல்கிறேன். வைக்கோலில் புரதம் 4 வீதமளவில்தான். தேங்காய்ப் புண்ணாக்கில் 20 வீதமளவில் இருக்கும். வைக்கோலும் புல்லுமாகச் சேர்ந்து 7 வீதம் வரும் தீனி என்றால் 420 கிராம் புரதம், அதாவது 67 கிராம் நைதரசன். புண்ணாக்கைக் கூட்டி 14 வீதமாக்கினால் 134 கிராம். வரவு இரட்டிப்பு.

செலவில் முதலாவது இறைச்சி. மாடு கொழுக்கிறது, அதனால் எல்லாம் உடம்பில்தான் சேர்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரைதான் உடம்பில் தங்கும். 7 வீதத் தீனியில் 7 கிராம், 14 வீதத் தீனியில் 15 கிராம் என்று அவர் எழுதினார்.

இரண்டாவது சாணம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது இந்த இடம்தான். சாணத்தோடு போகும் நைதரசன் பெரும்பாலும் மாடு தின்ற தீனியின் அளவைப் பொறுத்தது. கிலோவுக்கு 7 கிராம் மட்டில் போகும். தீனியில் புரதம் கூடினாலும் அது அவ்வளவாகக் கூடாது. ஆகவே இரண்டு மாட்டுக்கும் சாணத்தில் 42 கிராம் என்றே எழுதலாம்.

மிச்சம்? முதல் மாட்டுக்கு 18 கிராம். இரண்டாவது மாட்டுக்கு 77 கிராம். இந்த மிச்சம் முழுவதும் மூத்திரத்தில் போகிறது. தீனியில் புரதத்தை இரட்டிப்பாக்கினால் சாணம் அப்படியே இருக்க, மூத்திரத்தில் போவது நாலு மடங்காகிறது. இது கைக்கணக்கு. மாட்டுக்கு மாடு, தீனிக்குத் தீனி கொஞ்சம் மாறும். ஆனால் போகும் திசை மாறாது.

மாடு ஏன் இப்படிச் செய்கிறது என்றும் கேட்டேன். முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புரதத்தை உடைத்து அமோனியாவாக்கி, அதைக்கொண்டு தங்கள் உடம்பை வளர்க்கின்றன. அந்த நுண்ணுயிர்களைத்தான் மாடு பிறகு செரித்துப் புரதமாக எடுத்துக்கொள்கிறது. அவற்றுக்குத் தேவைக்கு மேல் அமோனியா வந்தால் அது இரத்தத்தில் கலக்கிறது. அது நஞ்சு என்பதால் ஈரல் அதை யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. கடையில் மூடையில் வரும் யூரியாவும் இதுவும் ஒரே சரக்குத்தான். புரதம் குறைந்த தீன் தின்னும் மாடு இந்த யூரியாவை வெளியே விடாமல் உமிழ்நீர் வழியாகத் திரும்பவும் இரைப்பைக்கே அனுப்பிப் பாவிக்கும். அல்லாஹ்வின் படைப்பில் வறுமைக்கும் ஒரு சிக்கனம் வைக்கப்பட்டிருக்கிறது.

சரி, மூத்திரத்தில் யூரியா வந்துவிட்டதே, அதையாவது விற்கலாமே என்றால், அது நிற்காது. சாணத்திலும் மண்ணிலும் உள்ள ஒரு நொதியம் அதைத் தொட்ட சில மணித்தியாலங்களிலேயே அமோனியாவாக மாற்றத் தொடங்கிவிடும். கொட்டிலுக்குள் காலையில் நுழையும்போது கண் எரிகிறதல்லவா, அதுதான். சூடும் காற்றும் கூடினால் பறப்பதும் கூடும். 2021 முதல் 2025 வரை ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன், ஜூலையில்தான் வந்தது. எங்கள் கரையில் அது கச்சான் காற்று வீசும் காலம். நெருப்பு மாதிரி வறண்ட காற்று. நைதரசனை அள்ளிக்கொண்டு போக அதை விடத் தோதான பருவம் கிடையாது.

நான் எரு வாங்கிய கொட்டிலில் இன்னும் இரண்டு விடயங்கள் நடந்திருந்தன. கொங்கிரீட் தரையைத் தினமும் கழுவி மூத்திரத்தை வாய்க்காலில் விட்டிருந்தார்கள். சத்தில் பெரும் பங்கு அங்கேயே போய்விட்டது. ஈ வராமலிருக்கக் குவியலின் மேல் அடுப்புச் சாம்பல் தூவியிருந்தார்கள். சாம்பலில் காரத்தன்மை உண்டு. அது எஞ்சியிருந்த அமோனியாவையும் கிளப்பி விடும். இதை நான் சாம்பல் போட்ட சுத்தமான எரு என்று சொல்லி விற்றதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பட்டியில் அப்படியில்லை. மூத்திரம் மண்ணில் ஊறுகிறது, சாணம் அதோடு மிதிபடுகிறது. அங்கேயும் இழப்பு உண்டு. ஆனால் ஏழைத் தீன் என்பதால் இழப்பதற்கு இருப்பதே குறைவு. பட்டி எருவில் வேறொரு தொல்லை மணல். மெசின் பெட்டிக் கணக்கில் வாங்கினால் மணலுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். டெக்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களில் ஒரே இடத்தில் பல்லாயிரம் இறைச்சி மாடுகளை அடைத்துத் தீன்போடுகிறார்கள். தீனியின் புரதத்தைப் பார்த்தே எவ்வளவு நைதரசன் வீணாகும் என்று முன்கூட்டிக் கணிக்கிறார்கள். கோடையில் மாடு வெளியேற்றுவதில் பாதியும் அதற்கு மேலும் காற்றில் போய்விடுவதாகக் கண்டிருக்கிறார்கள். டெக்சாஸில் தீனியின் புரதத்தை 13 வீதத்திலிருந்து 11.5 வீதமாகக் குறைத்துப் பார்த்தபோது, கோடையில் பறக்கும் அமோனியா நான்கிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. ஒன்றரை வீதம் குறைத்ததற்கே இவ்வளவு.

நம் அளவுக்கு வருவோம். பத்து மாடு, மூன்று மாதம், 14 வீதத் தீனி. நாளொன்றுக்கு 77 கிராம் என்றால் மொத்தம் 69 கிலோ நைதரசன் மூத்திரத்தில் போகிறது. ஒரு மூடை யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. ஆக, மூன்று மூடை. கழுவாமல் வைத்தாலும் பாதிக்கு மேல் பறந்தால் ஒன்றரை, இரண்டு மூடை போச்சு. 2022இன் விலைக்கு அறுபதாயிரம் ரூபா மட்டில். பசளை விலை இறங்கிய காலத்தில் இது சிறிய தொகையாகத் தெரியலாம். ஆனால் அந்த நைதரசன் வந்தது புண்ணாக்கிலிருந்து. அதற்குக் கொடுத்த காசு யூரியாவுக்குக் கொடுப்பதை விடப் பல மடங்கு.

ஆகவே கொட்டில்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது தீன் வாளியைத்தான். வளரும் கன்றுக்குப் புரதம் தேவை, அதில் கஞ்சத்தனம் கூடாது. 7 வீதத்துக்குக் கீழே போனால் இரைப்பை நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும், மாடு மெலியும். ஆனால் வளர்ந்த காளைக்குக் கடைசி மாதத்தில் கொழுப்புத்தான் சேர்கிறது. அதற்குத் தேவை மாச்சத்து. புண்ணாக்கைக் குறைத்து உடைத்த சோளனைக் கூட்டலாம். எவ்வளவு என்பதை உங்கள் மிருக வைத்தியரிடம் கேளுங்கள், அவர் நிறையைப் பார்த்துச் சொல்வார். அடுத்தது தரை. உமியோ வைக்கோலோ பரப்பினால் மூத்திரத்தைக் குடித்துக்கொள்ளும். ஆலை உமி எங்கள் பகுதியில் கிடைக்கிற சரக்குத்தானே. குவியலை நிழலில் வைத்து மூடுங்கள். சாம்பலை வேறெங்காவது போடுங்கள்.

எரு விற்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் ஷாபிஈ மத்ஹபில் சாணம் நஜீஸ், ஆகவே அதை விற்பனை என்ற பெயரில் ஒப்பந்தம் செய்வது கூடாது. தன் உரிமையை விட்டுக்கொடுப்பதற்காகப் பணம் பெறுவது என்று பேசிக்கொள்ள வழி இருக்கிறது. ஹனபி மத்ஹபில் விற்கவே அனுமதி உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு வார்த்தையைச் சரியாக அமைத்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது எரு எடுக்கப் போனால் விலை பேசுமுன் நாலு கேள்வி கேட்கிறேன். மாடு என்ன தின்றது, தரையில் என்ன போட்டீர்கள், கழுவினீர்களா, குவியல் எத்தனை நாள் வெயிலில் கிடந்தது. புண்ணாக்குத் தின்ற மாடு, உமிப் படுக்கை, கூரைக்குக் கீழே குவியல் என்றால் பட்டி எருவை விடக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை. புண்ணாக்குத் தின்று கழுவிய கொட்டில் என்றால் பட்டி எருவின் விலைக்கு மேல் ஒரு சதமும் இல்லை. விவசாயிக்கும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த எரு ஒரு தொன்னில் நைதரசன் 10 முதல் 15 கிலோ மட்டில்தான், அது உடனேயும் வேலை செய்யாது, ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியா போடும் நெல்லுக்கு இது மட்டும் போதாது என்று. சிலர் வாங்காமல் போய்விடுகிறார்கள். அந்தச் சோளன் தோட்டக்காரர் போன பெரும்போகத்துக்கு முன் வந்து, உமி எருதானா என்று குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு ஒரு லொறி கேட்டார்.