கஞ்சாவும் மோட்டார் ஓட்டமும்

தஞ்சையிலிருந்து கந்தர்வகோட்டை வழியே புதுக்கோட்டைக்கு வந்து, திருமயத்தைக் கடந்து மானாமதுரைக்குச் செல்லும் 36-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், நள்ளிரவில் ஒரு லாரி இருமருங்கும் அலைந்தவாறு செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். காவலர் அதனை நிறுத்தி, ஓட்டுநரைக் கருவியில் ஊதச் சொல்கிறார். கருவி பூஜ்யம் காட்டுகிறது. ஆனால் கண்கள் சிவந்திருக்கின்றன. கேட்ட கேள்விக்கு விடை தாமதித்து வருகிறது. ஆடையில் கஞ்சாப் புகையின் வாடை வீசுகிறது. இனி அந்தக் காவலர் செய்யத்தக்கது யாது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு நம் சட்டம் இன்னும் தெளிவான விடை கூறவில்லை. அதற்குச் சட்டம் இயற்றினோரை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. கஞ்சாவின் இயல்பே பாதிக் காரணம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு இரு கூறுகளை உடையது. முதற்கூறு மதுவைப் பற்றியது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பின் குற்றம். ஓட்டுநர் நிதானமாக ஓட்டினாரா, தடுமாறினாரா என்னும் ஆராய்ச்சி அங்கே வேண்டுவதில்லை. இரண்டாம் கூறு ஏனைய போதைப்பொருள்களைப் பற்றியது. வாகனத்தைத் தக்கவாறு அடக்கி ஓட்ட இயலாத அளவுக்கு ஒருவர் அவற்றின் வயப்பட்டிருந்தால் குற்றம் என்கிறது. இங்கே எண் எதுவும் இல்லை. கஞ்சா உட்கொண்டார் என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் ஓட்டுந்திறனை இழந்திருந்தார் என்பதையும் மெய்ப்பித்தாக வேண்டும். தண்டனை இரண்டிற்கும் ஒன்றே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிறை 2 ஆண்டு வரையிலும், அபராதம் 15,000 ரூபாயாகவும் உயரும்.

மதுவுக்கு ஓர் எண்ணை வகுக்க முடிந்தது ஏன்? ஆல்கஹால் நீரில் கரைவது. குடித்தவரின் உடலெங்கும் அது சீராகப் பரவுகிறது. நுரையீரலில் இரத்தத்திலிருந்து மூச்சுக்கு ஓர் ஒழுங்கான விகிதத்தில் வெளியேறுகிறது. ஆதலின் மூச்சை அளந்தால் இரத்தத்தை அளந்தது போலாகும். இரத்தத்தில் அது ஏற ஏற மயக்கமும் ஏறுகிறது. கஞ்சாவின் போதைக்குக் காரணமான டெட்ராஹைட்ரோகன்னபினால் என்னும் பொருளை 1964-இல் இஸ்ரேல் நாட்டில் மெக்கூலம், காவோனி என்ற இரு வேதியியலார் பிரித்தெடுத்தனர். இது கொழுப்பில் கரைவது. புகைத்த சில நிமிடங்களில் இரத்தத்தில் உச்சத்தை அடைந்து, பின்னர் மூளைக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் விரைந்து போய்விடுகிறது. இரத்தத்தில் அளவு பெரிதும் இறங்கிய பின்னரும் மயக்கம் சில மணி நேரம் நிற்கிறது. மறுபுறம், அதன் சிதைபொருள்கள் சிறுநீரில் பல நாட்கள் வரையிலும், நெடுநாள் பழக்கமுடையாரிடம் சில வாரங்கள் வரையிலும் காணப்படுகின்றன. சென்ற வாரம் புகைத்துவிட்டு இன்று தெளிந்த அறிவுடன் வண்டி ஓட்டுபவனையும் சிறுநீர்ச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். சற்று முன்னர்ப் புகைத்தவனிடமிருந்து அவனைப் பிரித்துக் காட்டாது.

கஞ்சா புகைத்தோர் தாம் மெதுவாகவே ஓட்டுவதாகவும், ஆதலின் அபாயமில்லை என்றும் கூறுவது உண்டு. முதற்பகுதி ஓரளவு உண்மை. அவர்களுட் பலர் வேகத்தைக் குறைக்கின்றனர் என்பதை ஆய்வுகளும் கண்டுள்ளன. இரண்டாம் பகுதி பிழை. போதையால் வண்டி தன் தடத்தினுள் அலைகிறது. காலத்தை மதிப்பிடும் உணர்வு குலைகிறது. ஒரே வேளையில் இரண்டு செய்திகளைக் கவனிக்கும் ஆற்றல் குன்றுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். அரை விநாடி தாமதித்துத் தடையை மிதிப்பவன் அதற்குள் 8 மீட்டருக்கு மேல் முன்சென்றிருப்பான். சாலையைக் கடக்கும் ஆட்டுக்குட்டிக்கோ, சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைக்கோ அந்த 8 மீட்டரே எல்லாம். இத்துடன் சிறிது மதுவும் சேர்ந்தால் தீங்கு பன்மடங்காகும்.

1893-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவோடு கொள்ளும் கஞ்சாவால் பெருந்தீங்கு இல்லை என்று முடிவு கூறியதை இன்றும் சிலர் எடுத்துக்காட்டுவர். அன்று நம் வீதிகளில் மோட்டார் வண்டி இல்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பிற நாடுகள் இச்சிக்கலைப் பலவாறு அணுகியுள்ளன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரில் சாலையோரத்திலேயே உமிழ்நீரைச் சோதிக்கத் தொடங்கியது. அங்கே பொருள் இருப்பதே குற்றம். பிரிட்டன் 2015-இல் ஒரு லிட்டர் இரத்தத்திற்கு 2 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்தது. நம் நாட்டின் மது எல்லை லிட்டர் கணக்கில் 3 லட்சம் மைக்ரோகிராம் என்பதை ஒப்பிட்டால், எத்துணை நுண்ணிய அளவு என்பது விளங்கும். ஜெர்மனி 2024-இல், இரத்தச் சீரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமாக இருந்த எல்லையை 3.5 ஆக உயர்த்தியது. அறிவியல் ஒரே எண்ணைச் சுட்டியிருந்தால் நாட்டுக்கு நாடு இந்த வேறுபாடு தோன்றியிராது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2022-இல் உமிழ்நீர்ச் சோதனைக் கருவிகளுடன் போலீஸ் வண்டி ஒன்று சாலைக்கு வந்தது. உமிழ்நீர்ச் சோதனை அண்மைப் பயன்பாட்டைச் சிறுநீரைவிட நன்கு காட்டும் என்பது உண்மையே. ஆனால் மயக்கத்தை அளக்கும் கருவியன்று அது.

இனி, சட்டத்தில் உள்ள இடைவெளிக்கு வருவோம். 203-ஆம் பிரிவு கூறும் மூச்சுச் சோதனை ஆல்கஹாலுக்கே உரியது. 204-ஆம் பிரிவின்படி இரத்தம் கோருவதற்கு, அக்கருவி ஆல்கஹாலைக் காட்டியிருக்க வேண்டும். அல்லது ஓட்டுநர் ஊத மறுத்திருக்க வேண்டும். கஞ்சா மட்டும் புகைத்தவன் மகிழ்ச்சியோடு ஊதுவான். கருவியும் பூஜ்யம் காட்டும்! மேலும், 202-ஆம் பிரிவின்படி, கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் சோதிக்காவிடில் விடுவித்துவிட வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி முதலிய கடற்கரைப் பகுதிகளில், இலங்கைக்குக் கடத்தக் கொண்டுவரப்பட்ட கஞ்சா மூட்டைகள் பலமுறை பிடிபட்டுள்ளன. அங்கே 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் தராசுடன் வருகிறது. 1 கிலோகிராம் வரை சிறு அளவு, 20 கிலோகிராமுக்கு மேல் வணிக அளவு என்று தண்டனையும் வேறுபடுகிறது. மூட்டையை நிறுக்க வழி உண்டு. மூட்டை ஏற்றிய வண்டியின் ஓட்டுநர் தலையில் ஏறியிருப்பதை நிறுக்கத்தான் வழி இல்லை.

ஆதலின், எண்ணொன்றை அவசரமாக வகுப்பதைவிட, ஓட்டுந்திறனைப் பற்றிய இப்போதைய வினாவையே வைத்துக்கொண்டு, அதற்குச் சான்று திரட்டும் முறையைச் செம்மைப்படுத்துவதே நேரிது என்று தோன்றுகிறது. உமிழ்நீர்ச் சோதனை ஐயத்தைக் கிளப்பட்டும். தீர்ப்பை அது வழங்க வேண்டா. மூச்சுக் கருவி பூஜ்யம் காட்டினாலும் இரத்தம் கோரலாம் என்று 204-ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். நேர்கோட்டில் நடக்கவைத்தல், ஒற்றைக்காலில் நிற்கவைத்தல், கண்மணியின் விரிவை நோக்கல் ஆகியவற்றில் பயிற்சி பெற்ற காவலரும், அவற்றை மறுபடியும் சோதித்துக் குறிப்பெழுதும் மருத்துவரும் வேண்டும். வண்டி நிறுத்தப்பட்ட மணியும் இரத்தம் எடுக்கப்பட்ட மணியும் அக்குறிப்பில் தனித்தனியே எழுதப்பெற வேண்டும். இடையில் கழிந்த நேரம் தெரியாவிடில், ஆய்வகம் தரும் எண்ணுக்கு நீதிபதி பொருள் காண இயலாது.