பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ஆன்லைன் வகுப்பு: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

பயோடெக், விலங்கியல், தாவரவியல் படிக்கும் மாணவர்களின் கைப்பேசிக்கு வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. ஒரே மாதத்தில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், உறுதியான வேலை, இன்றே சேர்ந்தால் பாதிக் கட்டணம். மரபணு வரிசைகளைக் கணினியில் ஆராயக் கற்பது நல்ல ஆசை. ஆனால் அதற்காக வீட்டில் கடன் வாங்குவதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும்: இந்தத் துறையின் அடிப்படைப் பாடங்கள் முழுவதையும் காசில்லாமலே கற்கலாம். கட்டணம் கேட்பவர் அதற்கு மேல் என்ன தருகிறார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இலவசமாக என்ன கிடைக்கிறது?

சென்னை ஐஐடி பேராசிரியர் மைக்கேல் குரோமிஹாவின் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பாடம் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கிறது. வீடியோக்களுக்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டி, மையத்துக்குச் சென்று எழுத வேண்டும். ஜீனோம் ஆய்வில் உலகெங்கும் பயன்படும் ‘பௌடை’ மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான பென் லாங்மீட், தன் விரிவுரைகளை யூடியூபில் போட்டிருக்கிறார். ‘ரோசலிண்ட்’ தளத்தில் கணக்குகளைப் போட்டுப் பார்த்தே நிரலாக்கம் பழகலாம். ‘கேலக்ஸி’ தளத்தில், சொந்தக் கணினியில் எந்த மென்பொருளும் நிறுவாமல், பிரவுசரிலேயே ஆய்வு செய்யலாம்.

கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஸ்வயம் இணையதளம் வழியாகப் படித்துப் பெறும் கிரெடிட்டை ஏற்க, யுஜிசியின் 2021 விதிமுறை இடம் தருகிறது. உங்கள் துறைத் தலைவரிடம் இதைக் கேளுங்கள்.

எங்கே ஏமாறுகிறோம்?

முதலாவது, பழைய பாடம். மனித ஜீனோமின் ரெஃபரன்ஸ் வரிசை 2009இல் ஒரு பதிப்பாகவும் 2013இல் அடுத்த பதிப்பாகவும் வந்தது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1 மரபணு, 17ஆவது குரோமோசோமில் பழைய பதிப்பின்படி சுமார் 4.12 கோடியாவது எழுத்தை ஒட்டி இருக்கிறது. புதிய பதிப்பில் அதே மரபணு சுமார் 4.30 கோடியில். பழைய வீடியோவைப் பார்த்து ஒரு பதிப்பின் எண்ணை மற்றொன்றில் தேடினால் வேறு இடத்தில் போய் நிற்போம். ‘டாப்ஹாட்’ மென்பொருளும் அப்படித்தான். அதை உருவாக்கியவர்களே ‘ஹைசாட்2’வுக்கு மாறச் சொன்ன பிறகும் பழைய வீடியோக்களில் அது தொடர்கிறது. கட்டண வகுப்பு என்றால் எந்தப் பதிப்பு, எந்த மென்பொருள் என்று முதலிலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது, கடன். "மாதத் தவணைதானே" என்று கையெழுத்து வாங்கும் படிவம், பல நேரங்களில் வேறொரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தம். வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது.

மூன்றாவது, டிஎன்ஏ தரவு. பயிற்சிக்காக உங்கள் மரபணுப் பரிசோதனைக் கோப்பையோ மருத்துவமனை நோயாளியின் கோப்பையோ யார் கேட்டாலும் பதிவேற்றாதீர்கள். 2023இல் ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற அமெரிக்க டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025இல் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. உங்கள் கோப்பு உங்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றியும் பேசும். பயிற்சிக்கு ‘ஆயிரம் ஜீனோம்’ திட்டத்தின் பொதுத் தரவே போதும்.

உங்கள் உரிமைகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறான விளம்பரத்தையும் குறைபாடான சேவையையும் தடுக்கிறது. பயிற்சி நிறுவனங்களுக்கென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசிரியர் தகுதி, கட்டணம், பணம் திருப்பித் தரும் விதி, வேலை உத்தரவாதம் ஆகியவற்றில் பொய் சொல்லக் கூடாது என்கிறது. செயலி வழியாகக் கடன் வாங்கினால், அசலையும் அதுவரையான வட்டியையும் செலுத்தி, அபராதமின்றி விலக குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. படிப்படியாக நடைமுறைக்கு வரும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, நாம் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது.

பாதிக்கப்பட்டால் என்ன செய்வது?

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதிப் பணத்தைக் கேளுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் 30 நாளில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால்தான் பணத்தை முடக்க வாய்ப்பு.

எந்தக் கட்டண வகுப்பிலும் சேரும் முன் ஓர் இலவசப் பாடத்தையாவது கடைசி வரை முடியுங்கள். எதைக் கற்றோம், எங்கே தடுமாறினோம் என்பது அப்போது தெரியும். அந்தத் தடுமாற்றத்துக்கு உதவுகிறவருக்கு மட்டும் பணம் கொடுங்கள்.