19 மணி நேரம் தரையே தொடாத விமானம்! தெரியுமா?

சிங்கப்பூர் சாங்கியில் ஏறி உட்கார்ந்தால், அடுத்துக் கால் வைப்பது நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில்தான்! தூரம் சுமார் 15,300 கி.மீ. நேரம் ஏறக்குறைய 19 மணி. நடுவில் எங்கேயும் இறங்காது. உலகின் மிக நீளமான பயணிகள் விமானச் சேவை என்ற பெயர் இதற்குத்தான். இன்னும் கேளுங்கள்!

* இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் வரை சுமக்கும். 20,000 லிட்டர் டேங்கர் லாரிகள் எட்டு வந்து கொட்டினாலும் டேங்க் நிறையாது!

* அதில் எகானமி வகுப்பே கிடையாது! மொத்தமே 161 இருக்கைகள். ஆள் கூடினால் எடை கூடும். எடை கூடினால் எரிபொருள் போதாதே!

* சிங்கப்பூரில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால், நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே விடிகாலை. கடிகாரத்தை நம்பினால் பயணம் ஆறு, ஆறரை மணி நேரம்தான்! மீதியை 12, 13 மணி நேர வித்தியாசம் விழுங்கிவிடுகிறது.

* சுற்றிப் போனால் சீக்கிரம் போகலாம்! தில்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா 2016 அக்டோபரில் அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ இரண்டு மணி குறைந்தது! மேற்கிலிருந்து கிழக்கே வீசும் 'ஜெட் ஸ்ட்ரீம்' காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். 2020 பிப்ரவரியில், புயல் நேரத்தில், அதே காற்று ஒரு விமானத்தை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது!

* 19 மணிக்கே மலைக்கிறீர்களா? இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே குவாண்டாஸின் கேட்டலினா கடல் விமானங்கள் பறந்தன. தூரம் சிங்கப்பூர் - நியூயார்க்கில் பாதிகூட இல்லை. நேரமோ 27 முதல் 33 மணி! ஏற்றியது மூன்றே மூன்று பயணிகளை. ஜப்பானியர் காதில் விழக்கூடாதென்று ரேடியோவை வாய்திறக்க விடாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதித்தது. அதைப் பார்த்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று சான்றிதழ் வேறு!

* இதற்கு நேர்மாறும் உண்டு. ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கு இடையே 2.7 கி.மீ.தான். இரண்டே நிமிடத்தில் விமானம் இறங்கிவிடும்!

ஆகவே, அடுத்த முறை வெளிநாட்டு டிக்கெட் கையில் வந்தால், போகப் பிடிக்கும் நேரத்தையும் திரும்பி வரப் பிடிக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தூரம் ஒன்றுதான், வித்தியாசம் காற்றுடையது!