பட்டியும் பட்டடையும்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ் கார் ஒன்று நிற்கின்றது. இத்தாலியப் பினின்பரினா நிறுவனத்தார் வரைந்த வடிவோடு 1959 ஆம் ஆண்டிலே சந்தைக்கு வந்த இனம் அது. என் தந்தையார் அதனை இரண்டாங் கையாக வாங்கியபோது நான் பிறந்திலேன். பெற்றோல் கிடையாத 1990 களிலே யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெய் குடித்து ஓடின. இதுவும் இருமிக்கொண்டே ஓடியது. இப்பொழுது தந்தையாருக்குப் பார்வை அற்றுப்போயிற்று. ஆயினும் நாடோறும் காலையில், ஒரு கை ஊன்றுகோலிலும் மறு கை காரின் பக்கத்தே நீளும் வெள்ளிநிறப் பட்டியிலுமாக, முன்னிருந்து பின்வரை ஒருமுறை நடந்த பின்னரே தேநீர் அருந்துவார்.

அந்தப் பட்டியைத்தான் நான் கெடுத்தேன். அவர் கொழும்பிலே தங்கை வீட்டுக்குச் சென்றிருந்த பத்து நாளில், காரைப் படலைக்குள் எடுக்கும்போது தூணில் உரசவிட்டேன். கதவுக்குப் பெருஞ் சேதமில்லை. முன்கதவுப் பட்டியிலோ விரல்நுனி அமரத்தக்க குழி ஒன்று விழுந்தது. புதிது வாங்கலாமே என்பீர்கள். அறுபது ஆண்டு கடந்த காருக்குரிய பட்டியை எந்தக் கடையிலே தேடுவது?

நிற்க, இவ்வுலோகத்தைப் பற்றி ஒரு சொல். பாடநூல்கள் கறையில் உருக்கு என்னும்; அடுக்களையில் எவர்சில்வர் என்பர். முன்னதே எனக்கு உவப்பு. எனினும் வீட்டில் அதைச் சொன்னால் எவருந் திரும்பிப் பாரார். இரும்போடு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் சேர, கண்ணுக்குப் புலனாகாத ஒட்சைட்டுப் படை மேற்பரப்பில் உண்டாகித் துருவைத் தடுக்கின்றது. கீறினாலும் காற்றுப் பட்டதும் அப்படை தானே மீளும். ஷெபீல்ட் நகரிலே ஹரி பிறியேளி என்பார் 1913 இல் இதனை உருக்கினார். காரின் பம்பர் குரோமியம் மேலே பூசப்பெற்றது. அராவினால் பூச்சுப் போய்விடும். பட்டியோ உள்ளும் புறமும் ஒரே உலோகம். ஆகவே அராவலாம், தேய்க்கலாம், மீண்டும் மெருகேற்றலாம். இதனை அறிந்ததும் எனக்குத் துணிவு பிறந்தது. அத்துணிவே கேடாயிற்று.

பட்டியைக் கழற்றிக் கவிழ்த்து, வீட்டுச் சுத்தியலால் குழியின் நடுவிலே ஓங்கி ஓர் அடி அடித்தேன். குழி மறைந்தது, அவ்விடத்திற் குமிழ் தோன்றியது. பழைய குழியின் கரை அதனைச் சுற்றி வளையமாக எஞ்சியது. அன்றிரவு உறக்கமில்லை.

கராச்சிலே கொடுத்தால் குழிக்குப் பசை நிரப்பிப் பெயின்ற் அடிப்பர். மினுங்கும் பட்டிக்கு அது ஆகாது. எனவே மறுநாள் முதிய நகைப் பத்தர் ஒருவரிடம் சென்றேன். வாங்கிப் பார்த்தவர், “பண்டிதர் ஐயா, நடுவிலை அடிச்சுப்போட்டியளே!” என்றார். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு மெலிந்து பரக்கும். பரந்தது பழைய இடத்தில் அடங்காது. மேலும் இவ்வுருக்கு அடிக்க அடிக்க இறுகும் இயல்பினது. ஆதலால் கரையிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றியே வரவேண்டுமாம்.

முதலிற் சுத்தியலின் முகத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றினார். முகத்திலுள்ள வடு தகட்டிலும் பதியும் என்றார். பட்டியின் உட்புறத்துக்கு இசைந்த சிறு இரும்புக் கட்டை ஒன்றை எடுத்துவைத்து, அதனைப் பட்டடை என்றார். கூடாநட்பு அதிகாரத்திலே முப்பது ஆண்டாகப் பட்டடைக்குப் பொருள் சொல்லி வருகின்றேன். கையால் தொட்டது அன்றே. அது அத்துணைக் குளிர்ச்சியாயிருக்கும் என்பதை எந்த உரையிலும் நான் கண்டிலேன்.

ஒரு தட்டு, ஒரு தடவல் என வேலை நடந்தது. பத்தர் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பார்த்தார். “கண் ஏமாறும், விரல் ஏமாறாது” என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின்னர் நுண்ணிய அரத்தை மேலே மெல்ல இழுத்தார். அரம் பட்டு மினுங்கிய இடம் மேடு. படாத இடம் பள்ளம். பள்ளத்தை மறுபடியும் உள்ளிருந்து தட்டினார். மேட்டை அராவியே தீர்த்துவிடலாமே என்றேன். “தகடு எவ்வளவு தடிப்பு எண்டு பாத்தனீங்களோ?” என்று கேட்டார். ஒரு மில்லிமீற்றருக்குங் குறைவு. அளவின்றி அராவினால் ஓட்டையே மிஞ்சும்.

நீர்த்தாளால் தேய்ப்பது என் பங்காயிற்று. 320, 400, 600, 1000 என இலக்கம் ஏற ஏறத் தாள் நுண்மையாகும். தாளை மாற்றுந்தோறுந் திசையையும் மாற்றவேண்டும். அப்பொழுதுதான் முந்திய தாளின் கீறல் முற்றும் மறைந்ததோ என்பது புலப்படும். இரண்டு மாலைகள் இதிற் கழிந்தன. மெருகுச் சில்லை மட்டும் பத்தர் என்னிடந் தரவில்லை. சில்லு பட்டியின் ஓரத்தைப் பற்றினால் கையிலிருந்து பறித்து முறுக்கி எறியும். ஒரே இடத்தில் அழுத்தினாலோ நிறம் மாறும்; இவ்வுருக்கு வெப்பத்தை எளிதிற் கடத்தாது.

பத்தாம் நாள் தந்தையார் திரும்பினார். மறுநாட் காலை வழக்கம்போல முற்றத்துக்கு வந்தார். நான் திண்ணையில் நின்றேன். கை முன்பட்டியில் ஓடியது, முன்கதவிலே மெதுவாயிற்று, சற்றுப் பின்வாங்கி மறுபடியும் அவ்விடத்தைக் கடந்தது. குழி இல்லை. ஆனால் மற்றைய பட்டிகளில் ஆண்டுகள் இட்ட நுண்கீறல்களும் அத்துண்டில் இல்லை என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

“ஆர் தம்பி இதைத் தட்டினது?”

பத்தரின் பெயரைச் சொன்னேன்.

“நல்ல கை” என்றார். கடைசிப் பட்டிவரை நடந்து சென்று, அங்கே நின்று திரும்பாமலே கேட்டார்:

“படலைத் தூணுக்கு ஒண்டும் இல்லையோ?”